இரங்கல் கூட்டத்தில் மைக்கைத் தட்டியவன்

மைக் செட் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஒயரைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டால் ஷாக் அடித்து அதுவே சொல்லிக் கொடுத்துவிடும். மைக் செட் பெட்டிக்குப் பின்னால் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்தவன் நான். மேடையில் பேசுகிறவரின் முகத்தை ஊர் முழுக்கப் பார்க்கும். அவர் முதுகையும், முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிற கையையும் நாம்தான் பார்ப்போம். பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் நம் வேலைதான். உங்களில் சிலர் கூட்டம் முடிவதற்குள் டீக்கடையில் போய்ப் பேச்சாளரைப் பற்றிக் கதை விடுவதாகக் கேள்வி. அவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள்.

தென்காசியில் ஒரு வக்கீல் இருந்தார். பெயர் வேண்டாம், வீட்டார் இருக்கிறார்கள். எல்லோருக்கும் அவர் வக்கீல் அண்ணாச்சி. ஐம்பதுகளின் கடைசி அது. நம் மாகாணத்தில் மதுவிலக்கு கண்டிப்பாக இருந்த காலம். எங்கள் வட்டாரத்தில் மதுவிலக்குப் பிரசாரத்துக்கு ஒரு கமிட்டி போட்டிருந்தார்கள். அண்ணாச்சிதான் தலைவர். சந்தை கூடுகிற ஊர், திருவிழா நடக்கிற ஊர் ஒன்று விடாமல் போய்க் குடியின் கேட்டைப் பற்றிப் பேசுவார். கூடவே பெட்டி, பேட்டரி, இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள், நான். அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும், எனக்கு இருபத்தெட்டு. குடிக்கிறவனே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற பேச்சு அவருடையது. அந்த ஆளுக்கு மைக் வைத்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போதே பெருமை. இப்போதும் குறையவில்லை.

ஒரு வருஷம் குற்றாலத்தில் சீசன் நன்றாக விழுந்திருந்தது. அருவிக்கரைப் பக்கம் கூட்டம் போட்டார்கள். சாரலில் குழாய்கள் நனைகின்றன, பின்னால் அருவி இரைகிறது. அண்ணாச்சியின் குரல் பத்து நிமிஷத்தில் இறங்கிவிட்டது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்ட குரல் அது. நான் சத்தத்தைக் கூட்டினேன். குரல் இன்னும் இறங்கியது. இன்னும் கூட்டினேன். குழாய் கீச்சென்று அலறியது. ஈரத் துண்டோடு நின்றவர்களெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டினார்கள்.

அண்ணாச்சி அசரவில்லை. "அருவி ஒரு பக்கம் பேசுது, மைக்கு ஒரு பக்கம் பேசுது. மூணு பேரு ஒரே நேரத்துல பேசுனா கோர்ட்டுல ஜட்ஜய்யா சத்தம் போடுவாவ. நான் உக்காந்துக்கிடுதேன்" என்றார். கூட்டம் சிரித்தது, கூட்டம் நல்லபடியாக முடிந்தது.

ஆனால் அவர் அதைச் சொல்லும்போது நான் பின்னாலிருந்து பார்த்தேன். இடது கையை வலது கையால் முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்திருந்தார். அந்தப் பிடிக்குள்ளேயே இடது கை ஆடியது. கட்டைவிரலும் பக்கத்து விரலும் சீடைக்கு மாவு உருட்டுவது போல் உருட்டிக்கொண்டே இருந்தன. சாரல் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். தம்பிகளே, பேசுகிறவரின் குரல் இறங்கினால் கை உடனே சத்தம் கூட்டுகிற திருகுக்குப் போகக் கூடாது. முதலில் கண் அவரிடம் போக வேண்டும். எனக்கு இது தெரிய வந்தது ஒரு பெரிய தப்புச் செய்த பிறகுதான்.

அந்தத் தப்பு சுரண்டையில் நடந்தது. சந்தை நாள். அண்ணாச்சி பேசி முடித்து, மைக் இருந்த மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த பேச்சாளர் வரவில்லை. நான் பேட்டரியைப் பார்க்கக் கீழே இறங்கினேன், மைக்கை அணைக்காமல். அண்ணாச்சி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்கிறார். நாக்கு உலர்ந்து, வார்த்தைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, குழறிக் குழறி வருகிறது. அது அவர் பக்கத்து ஆளுக்குச் சொன்னது. ஆனால் இரண்டு குழாய் வழியாகவும் சந்தை முழுக்கக் கேட்டது. நான் பாய்ந்து போய் அணைப்பதற்குள் கத்தரிக்காய்க் கடையிலிருந்து ஒருத்தன் சத்தமாகச் சொன்னான்: "ஏ, வக்கீலய்யா நல்லா ஏத்திக்கிட்டுல்லா வந்திருக்காவ!"

சிரிப்பு சந்தையின் அந்தக் கடைசி வரை போனது. மதுவிலக்குக் கமிட்டித் தலைவரே குடிக்கிறார் என்ற பேச்சுக்கு விதை போட்டது வேறு யாரும் இல்லை, நான்தான். அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் போடுகிறார். விரல் ஓட்டையைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, மறுபடி தேடுகிறது. "இருலே, இந்தப் பொத்தானை ஜெயிச்சிட்டு வாரேன்" என்றார். ஐந்து நிமிஷம் ஆனது. போடவா என்று நான் கை நீட்டவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஜெயித்துவிட்டு உட்கார்ந்தார். ஆடுகிற கையை ஒளிக்காமல் முதல் தடவையாக என் முன்னால் மடியில் வைத்தார்.

"மதுரையில பெரிய டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. நடுக்குவாதம். இங்கிலீஷ்ல பார்க்கின்சன்னு பேரு. சும்மா இருந்தா கை ஆடும். பேச்சு சன்னமாப் போவும். சில நேரம் காலு தரையில ஒட்டிக்கிடும். மாத்திரை குடுத்திருக்காரு, அது வாயை வறட்டிப் போடுது. நேத்து நீ ஊருக்கெல்லாம் கேக்க வச்சது அந்த வறண்ட வாயைத்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஊருக்குச் சொல்லிட்டா என்ன அண்ணாச்சி? குடிக்காருன்னு பேசுதவன் வாயை அடைக்கலாம்லா?"

"சொன்னா, நாளைக்கு எவன்லே எங்கிட்ட கேஸ் குடுப்பான்? குரலும் கையும் போன வக்கீலுக்குக் கோர்ட்டுல என்ன வேலை? அதோட, பாவம் பாவம்னு பாப்பானுவ. அந்தப் பார்வையை என்னால தாங்க முடியாது. நீ ஒருத்தன் தெரிஞ்சுக்கிட்டே. போதும். இனிமே மைக்கை மூடத் தெரிஞ்சுக்கோ."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை, என் பெண்டாட்டியிடம்கூட. அன்றிலிருந்து அவர் உட்கார்ந்தால் மைக் அணைந்துவிடும். பேச எழுந்தால் மைக் அவர் வாய்க்கு நாலு விரல் தூரத்தில் இருக்கும். கையை மறைக்கிற உயரத்துக்கு ஒரு மேஜை கேட்டு வாங்கிப் போட்டுவிடுவேன். அது சரியா தப்பா என்று அப்போது யோசிக்கவில்லை. பிறகு யோசித்தேன். ஒளிக்க ஒளிக்கத்தான் ஊர் உற்றுப் பார்க்கிறது.

அவருடைய காலைப் பற்றி எனக்குச் சொல்லிக் கொடுத்தது கடையநல்லூர்த் தறி. நெசவாளர் வீடுகள் இருக்கிற ஒரு குறுகலான சந்து வழியாகக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சந்து முனையில் அண்ணாச்சி நின்றுவிட்டார். மேல் உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வரவில்லை. செருப்பை ஆணி அடித்து வைத்தது போல் நிற்கிறார். கையைப் பிடித்து இழுத்தேன். விழப் போனார். "இழுக்காதலே, சாஞ்சிருவேன்" என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டுக்குள் மதியச் சாப்பாடு முடித்தவர் தறியில் உட்கார்ந்தார் போலிருக்கிறது. டக், டக், டக் என்று சீராகத் தறி ஓடத் தொடங்கியது. அண்ணாச்சியின் வலது கால் தூக்கியது. அடுத்து இடது கால். தறிச் சத்தத்துக்கு ஒரு அடி என்று வைத்து, பட்டாளத்துக்காரர் மாதிரி சந்து முழுவதையும் கடந்துவிட்டார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "என்னலே இது?" என்றார். பச்சைப் பிள்ளை முதல் அடி வைத்தது போல அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. டாக்டர் சொல்லாத மருந்தை எங்கள் இருவருக்கும் அந்தத் தறி சொல்லிவிட்டது.

அதன் பிறகு அவர் மேடைப் படியை நெருங்கும் நேரத்தில் நான் இசைத்தட்டுப் பெட்டியில் ஒரு பேண்டு வாத்தியத் தட்டைப் போட்டுவிடுவேன். தலைவர் வருகைக்கு மரியாதை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அவர் தாளத்துக்கு ஒரு அடி வைத்து மிடுக்காக மேலே வருவார். இந்த ஏற்பாடு வருஷத்துக்கு மேல் நன்றாக ஓடியது. யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அண்ணாச்சி சனிக்கிழமை தோறும் காலை ரயிலில் புனலூர் போவார். அங்கே ஒரு வைத்தியர் எண்ணெய் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திரும்பும்போது களைப்பில் கண் சிவந்திருக்கும், நடை தள்ளாடும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே கள்ளுக்கடை உண்டு. பேசுகிறவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இங்கே மதுவிலக்குப் பேசிவிட்டு அங்கே போய்க் குடித்துவிட்டு வருகிறார் என்று தென்காசி ஸ்டேஷனிலிருந்து கோர்ட் வாசல் வரை பேச்சு.

கமிட்டியின் துணைத் தலைவர் ஒரு ரைஸ்மில் முதலாளி. நல்ல மனுஷர், கறாரான மனுஷர். கூடப் பிறந்த தம்பியைக் குடியில் பறிகொடுத்தவர். அவரிடம் போய் இந்தப் பேச்சைச் சொன்னால் எப்படி இருக்கும்? என்னையே கூப்பிட்டுக் கேட்டார். "நீ கூடவே இருக்கியே, உண்மையைச் சொல்லு. அவரு குடிக்காரா?"

"சத்தியமா இல்ல முதலாளி."

"அப்ப ஏன் கை அப்படி ஆடுது? ஏன் நாக்கு குழறுது?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கமிட்டியைக் கூட்டி அண்ணாச்சியைத் தலைவர் பதவியிலிருந்து எடுக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாக எல்லோருக்கும் சொல்லிவிட்டார். குடிகாரன் என்று பெயர் எடுத்து இறங்கினால் அண்ணாச்சிக்குக் கமிட்டி மட்டுமா போகும்? தொழில் போகும், மானம் போகும். அவர் பேச்சைக் கேட்டுக் குடியை விட்ட அத்தனை பேரும் சிரிப்பார்கள்.

அதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, தென்காசியில் ஒரு இரங்கல் கூட்டம். கமிட்டியை முதலில் ஆரம்பித்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் காலமாகிவிட்டார். அண்ணாச்சிக்குப் பாடம் சொன்னவர். அன்று புனலூர் போகாமல் அண்ணாச்சி கூட்டத்துக்கு வந்தார். பெரிய கோவிலுக்கு அப்போது மொட்டைக் கோபுரம்தான். அந்தப் பக்கத்து மைதானத்தில் பள்ளிக்கூடத்து பெஞ்சுகளை அடுக்கி மேடை போட்டு, ஏற ஐந்து படி வைத்திருந்தார்கள். மேடையில் தலைமையாசிரியர் படம், மாலை, ஊதுபத்தி. கீழே முன்வரிசையில் அவர் குடும்பம். மேடையில் மில் முதலாளி உட்கார்ந்திருக்கிறார். இரங்கல் கூட்டத்தில் இசைத்தட்டுப் போட முடியாது. இசைத்தட்டுப் பெட்டியை நான் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அண்ணாச்சி மைதானத்தைக் கடந்து வந்தார். முதல் படிக்கு முன்னால் நின்றார். நின்றவர் நின்றவர்தான்.

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை, காற்று மட்டும் அடிக்கிறது. அவர் உடம்பு முன்னால் சாய்கிறது, கால் அப்படியே இருக்கிறது. இடது கை உதறுகிறது. பின்னால் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "சாவு வீட்டுக்கும் இப்படித்தான் வரணுமா?" என்று ஒரு குரல். தொண்டர் ஒருவர் கைத்தாங்கலாகப் பிடிக்கப் போனார். பிடித்தால் விழுவார். விழுந்தால் குடிகாரன் என்பதை ஊர் எழுதி வைத்துவிடும். மில் முதலாளி மேடையில் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அருவருப்புத்தான் இருந்தது.

நான் மேடையில் மைக் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஓடிப் போனால் இழுக்கத்தான் முடியும். உண்மையைக் கத்திச் சொன்னால் வாக்குத் தவறியவன் ஆவேன். என்ன செய்ய? மைக்கின் தலையில் நகத்தால் தட்டினேன். டக். இன்னொரு தடவை டக். கடையநல்லூர்த் தறி ஓடின வேகத்தில் டக், டக், டக் என்று விடாமல் தட்டினேன். இரண்டு குழாயிலும் அது மைதானம் முழுக்கக் கேட்டது.

"ஏலே, கிறுக்குப் பயலே! எழவுக் கூட்டத்துல மைக்கை டெஸ்ட் பண்ணுத நேரமாலே இது?" என்று ஒரு வாத்தியார் கத்தினார். முன்வரிசையில் குடும்பத்தார் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். என் காது சூடாகிவிட்டது. தொழில் தெரியாதவன்கூடச் செய்யாத காரியம். நான் நிறுத்தவில்லை.

அண்ணாச்சியின் வலது கால் தூக்கியது.

ஐந்து படி. ஒரு தட்டுக்கு ஒரு படி. தொண்டரின் கையை விலக்கிவிட்டுத் தானாக ஏறி வந்து மைக் முன்னால் நின்றார். நான் கையை எடுத்துவிட்டுப் பெட்டிக்குப் போகத் திரும்பினேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இவனை யாரும் வையாதீங்க" என்றார். "இவன் மைக்கை டெஸ்ட் பண்ணல. எனக்குக் காலெடுத்துக் குடுத்தான். எனக்கு நடுக்குவாதம். ரெண்டு வருஷத்துக்கு மேலாச்சு. சத்தம் கேட்டாத்தான் சில நேரம் காலு நகருது. இன்னைக்குப் பாட்டுப் போட முடியாது, அதனால தட்டுனான். சனிக்கிழமை நான் புனலூர் போறது எண்ணெய் தேய்க்க. வாயை ஊதிக் காட்டணும்னா மேல வாங்க, ஊதிக் காட்டுதேன். இதை முன்னமே சொல்லாதது என் வீம்பு. வேற ஒண்ணும் இல்ல."

பிறகு முதுகுக்குப் பின்னாலிருந்த கையை எடுத்து முன்னால் தொங்கவிட்டார். ஊர் முழுக்கப் பார்க்க அது ஆடியது. "நம்ம சார்வாளுக்குச் சேர வேண்டிய நேரத்துல ரெண்டு நிமிஷத்தை நான் எடுத்துக்கிட்டேன். மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் ஆசிரியரைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

கால் மணி நேரம் பேசினார். குரல் சன்னமாகத்தான் இருந்தது. குழாய் அலறுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் சத்தத்தை நிறுத்தி, அவர் குரல் ஏறும்போது இறக்கி, இறங்கும்போது ஏற்றி, திருகிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசி வரிசை வரை ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சேர்ந்தது. என் தொழிலில் நான் செய்த நல்ல வேலை எது என்று யாராவது கேட்டால் அந்தக் கால் மணி நேரத்தைத்தான் சொல்வேன். முடிவில் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். அத்தனை பேரும் அசையாமல் நிற்க, அண்ணாச்சியின் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

மறுநாள் தீர்மானம் வரவில்லை. கேஸ் கொடுக்கிறவர்கள் கொஞ்சம் குறைந்தார்கள், பொய் சொல்வானேன்? ஆனால் அதன் பிறகும் பல வருஷம் அவர்தான் தலைவர். மேஜை கேட்டு வாங்கி மறைக்கிற வேலையை நான் விட்டுவிட்டேன். வாக்கைக் காப்பாற்றியதும் நான்தான், அந்த வாக்கால் அவர் பெயரைக் கெடவிட்டதும் நான்தான். எந்த இடத்தில் வாயை மூட வேண்டும், எந்த இடத்தில் அவரிடமே போய், "போதும் அண்ணாச்சி, சொல்லிருங்க" என்று சண்டை போட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அன்று அவர் மேடையிலிருந்து இறங்கியதைச் சொல்லவில்லையே. மேல் படியில் வந்து மறுபடி நின்றுவிட்டார். கால் ஒட்டிக்கொண்டது. நான் மைக்கில் கை வைத்தேன். "வேண்டாம்லே, அதை அணை" என்றார். அணைத்தேன். என்ன செய்யப் போகிறாரோ என்று எனக்குப் பதறியது.

மில் முதலாளி அவரைத் தாண்டிக் கீழே இறங்கிப் போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். கடைசிப் படிக்குக் கீழே போய்த் திரும்பி, அண்ணாச்சியைப் பார்த்து நின்றார். கையை நீட்டவில்லை. நெல் அளக்கிறவர்கள் ஒன்று என்று எண்ணத் தொடங்க மாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். மில்லில் மூட்டைக்கு அளக்கிற அதே குரலில், இழுத்து, நிதானமாக அவர் எண்ணினார்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

எண்ணுக்கு ஒரு படியாக அண்ணாச்சி கால் எடுத்து வைத்தார். நாலு, அஞ்சு என்றதும் தரைக்கு வந்துவிட்டார். மில் முதலாளிக்குக் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. ஆறு, ஏழு, எட்டு என்று மைதானத்தைக் கடந்து, தெருமுனையில் நின்ற கார்க் கதவு வரைக்கும் எண்ணிக்கொண்டே கூட நடந்தார்.